கிட்டத்தானே, நெருக்கினால் போகலாம்!

மீன் பிடிக்கிற இடத்துக்கு மீன் குழம்பு கட்டிக்கொண்டு போகிறவர்களை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

போன ஈஸ்டர் லீவுக்கு நாங்கள் போனோம். சிட்னிக்கு வடக்கே, ஹாக்ஸ்பரி ஆறு கடலோடு கலக்கிற பக்கம், காட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மரக் கேபின். என் கணவரோடு வேலை செய்கிறவர் மூலம் கிடைத்தது. அந்தப் பக்கம் வசதியுள்ளவர்கள் ஸீபிளேனில் பறந்து வந்து தண்ணீரிலேயே இறங்குவார்களாம். நமக்கு அதெல்லாம் எதற்கு? கார் இருக்கிறதே!

கூட வந்தவர்கள் சிட்னி வென்ட்வேர்த்வில்லில் எங்களுக்குப் பக்கத்து யூனிட்டில், அதாவது பக்கத்து ஃபிளாட்டில், இருக்கிற செல்வனும் அவர் மனைவி வசந்தியும். 'கடற்கரையில் கேபின், இரண்டு நாள், சும்மா வாங்கோ' என்று அவர்களைக் கூப்பிட்டது என் கணவர். முக்கியமானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லக்கூடியவர் அவர். கார் போகிற பாதை ஒரு ஜெட்டியோடு, அதுதான் படகுத் துறையோடு, முடிந்துவிடும், அங்கிருந்து படகு – இதைச் சொல்ல மறந்துவிட்டார்.

ஜெட்டியில் கேபின்காரி ஜூலி காத்திருந்தார். அறுபது வயதிருக்கும். காலில் செருப்பில்லை. பக்கத்தில் ஓர் அலுமினியப் படகு.

செல்வன் படகைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் காருக்குள்ள இருக்கிறன்."

"ரெண்டு நாளும் காருக்குள்ளயோ?" என்று சிரித்தார் என் கணவர். அடுத்த நொடியே சிரிப்பு நின்றுவிட்டது.

செல்வன் இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவர். அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. டிவியில் படகுச் செய்தி வந்தால் – அது வராத நாள் எது? – எழும்பிக் குசினிக்குள், அடுப்படிப் பக்கம் போய்விடுவார். வசந்தி பிறகு விசா கிடைத்துப் பிளேனில் வந்தவர். மேன்லி கடற்கரைக்கு ஃபெரிப் படகில் போவோம் என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். "பஸ் ஓடுதுதானே" என்பாராம் இவர்.

"எனக்காக ஒருக்கா ஏறுங்கோவன்," என்றார் வசந்தி, மெதுவாக.



இதற்கிடையில் ஜூலி எங்கள் சாமான்களைப் பார்த்து அசந்துபோய் நின்றார். இரண்டு எஸ்கி, அதாவது ஐஸ் பெட்டி. அரிசி. ரைஸ் குக்கர். இடியப்ப உரல். உட்கார நாலு மடக்குக் கதிரை. இரண்டு நாளைக்கு, நாலு பேருக்கு! எங்கே போனாலும் ஒரு ஊருக்கே சமைக்கிற அளவு தூக்கிக்கொண்டு போவதுதானே நம் வழக்கம்? என் கணவர் ஒவ்வொன்றாகப் படகுக்குள் இறக்கத் தொடங்கினார். படகின் விளிம்பு தண்ணீரை நோக்கி இறங்கிக்கொண்டே போனது.

செல்வன் கிட்ட வந்தார். படகின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டைக் குனிந்து வாசித்தார்.

"அஞ்சு பேர் எண்டு போட்டுக் கிடக்கு. ஜூலியோட நாங்களே அஞ்சு பேர். இந்தச் சாமானை ஆர் கணக்கில சேர்த்தது?"

"அட, கிட்டத்தானே செல்வன்! கொஞ்சம் நெருக்கி இருந்தால் போகலாம்."

"எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவங்கள்."

அவ்வளவுதான் சொன்னார். என் கணவர் கையிலிருந்த எஸ்கியை அப்படியே கீழே வைத்தார்.

நெருக்கினால் போகலாம்... இந்த வார்த்தையைச் சொல்லாத தமிழர் யார்? பஸ்ஸில் சொல்வோம். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வோம். ஐந்து பேர் காரில் எட்டுப் பேரை அடைக்கும்போது, பெருமையாகவே சொல்வோம். அதில் ஒரு பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசத்துக்குத் தண்ணீரில் இடமில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தமிழ் புரியாத ஜூலி, என்ன விசயம் என்று கேட்டார். "ஓவர்லோட்" என்றார் செல்வன்.

இந்த நாட்டில் எதற்கும் 'ஷீ'ல் பி ரைட்', எல்லாம் சரியாகிவிடும் என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஜூலி தட்டவில்லை. தகட்டைப் பார்த்தார், சாமானைப் பார்த்தார். "நீங்கள் சொல்வது சரி. முதலில் சாமான் போகட்டும். திரும்பி வந்து உங்களை ஏற்றுகிறேன். எனக்கு நாள் முழுக்க இருக்கிறது" என்றார். ஏன் பயம், எதற்குப் பயம் என்று ஒரு கேள்வி இல்லை. அந்த அம்மா மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

இடியப்ப உரல் தனியாகக் கடல் பயணம் போனது. செல்வன் ஜெட்டியின் நுனியில் நின்று, படகு வளைவில் மறையும்வரை பார்த்தார். மறைந்த பிறகும் பார்த்தார். திரும்பவும் இன்ஜின் சத்தம் கேட்டபோது அவர் தோள்கள் சற்று இறங்கியதை நான் கண்டேன்.

ஜூலி லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடுத்தார். செல்வன் தன்னுடையதை மாட்டி, பட்டிகளை இழுத்துப் பார்த்தார். பிறகு வசந்தியுடையதை இறுக்கினார். என்னுடையதை, என் கணவருடையதை... ஜூலியுடையதைக்கூட! அதன் பிறகு வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வழி முழுக்க அந்தக் கையை விடவில்லை. வசந்தி அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.

அந்த இடத்தின் அழகை என்னவென்று சொல்வது! ரோடு இல்லை, சிக்னல் இல்லை, பக்கத்து வீடு இல்லை. குடிக்க மழைத் தண்ணீர், வெளிச்சத்துக்கு சோலார். பின்னால் யூக்கலிப்டஸ் காடு. முன்னால் பச்சைத் தண்ணீர், கண்ணாடி மாதிரி. காலையில் வாசலில் ஒரு வாலபி, சின்னக் கங்காரு மாதிரி, வந்து நின்று, இவர்கள் யார் புதிதாக என்று பார்த்துவிட்டுப் போனது. ரைஸ் குக்கரைப் போட்டதும் கரண்ட் படுத்துக்கொண்டது. விறகடுப்பில் சோறு வைத்தோம். அடிப்பிடித்த அந்தச் சோறும் மீன் குழம்பும்... ஜூலி மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்!

செல்வன் முதல் நாள் வராந்தாவை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் கரையில் உட்கார்ந்து காலை நனைத்தார். "தண்ணி இப்பிடியும் இருக்குமெண்டு எனக்குத் தெரியாது," என்றார் வசந்தியிடம்.

ஞாயிறு மத்தியானம் திரும்பினோம். எஸ்கிகள் காலி, படகில் தாராளமாக இடம். பாதி வழியில் செல்வன் சட்டென்று கையை உயர்த்தினார். இன்ஜினை நிறுத்தச் சொல்லி ஜூலிக்குச் சைகை காட்டினார். 

"என்னப்பா, ஏதும் செய்யுதோ?" வசந்தி பதறினார்.

"ஒண்டும் இல்லை. கொஞ்ச நேரம் இப்பிடியே நிக்கட்டும். ஒருத்தரும் துரத்தேல்லைத்தானே?"

இன்ஜின் நின்றது. நடுத் தண்ணீரில், சத்தமே இல்லாமல், படகு மெல்ல ஆடியது. செல்வன் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். ட்ராஃபிக் கூடிவிடும் என்று சொல்ல வாயெடுத்த என் கணவரின் காலை நான் மிதித்தேன்.

ஏற மாட்டேன் என்ற மனுசனை ஏற்றியதுகூடப் பெரிய விசயமில்லை, ஜெட்டிக்கு வந்த பிறகு இறக்கியதுதான் பெரும்பாடு!