வேற மருந்து குடுத்தீங்களா?

பேரனின் காய்ச்சலைப் பார்த்துவிட்டு, "வேற மருந்து ஏதும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் என் நாக்கில் கொய்னா கசந்தது.

என் சின்ன வயதில் கொடைக்கானல் பஜாரில் என் அத்தா, அதாவது தகப்பனார், கடை வைத்திருந்தார்கள். யாருக்குக் காய்ச்சலென்றாலும் கொய்னா என்கிற மலேரியா மாத்திரையைக் கொடுப்பார்கள். வத்தலக்குண்டு போய்வந்த தங்கச்சிக்குக் குளிர்காய்ச்சல் கண்டபோதும் அதையே அள்ளிக் கொடுத்தார்கள்.

"அத்தா, காதுக்குள்ள வண்டு பறக்குது" என்று அவள் அழுதாள். பயந்துபோய் டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் கொய்னாத் தண்ணியை அளந்துகொண்டே இதே கேள்வியைக் கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கலைங்க."

ஐந்து வேளை தொழுகிற அத்தா. தன் கை மருந்து பலிக்கவில்லை என்று சொல்ல வெட்கம்.

அந்நிய ஆண்களிடம் பேசாத அம்மா திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார்கள். "காலையிலேருந்து கொய்னாதாங்க குடுத்தாக. பிள்ளைக்குக் காது அடைச்சுக் கெடக்கு."

டாக்டர் கையிலிருந்ததைக் கீழே கொட்டினார். "இதுவும் உள்ள போயிருந்தா காதே போயிருக்கும், ராவுத்தரே."

அத்தா தலை நிமிரவில்லை. அல்லாவின் கிருபையால் தங்கச்சிக்குக் காது திரும்பக் கேட்டது.

பேரனுக்கு நானும் வீட்டில் கிடந்த மாத்திரையைக் கொடுத்திருந்தேன். அல்லா மன்னிக்கணும், வாயில் முதலில் வந்தது "இல்லைங்க"தான். அதை விழுங்கிவிட்டுத்தான் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன்.