ஊர்க்கழுதை

எங்கள் ஊரில் மாட்டுக்கு மரியாதை உண்டு, ஆட்டுக்கு விலை உண்டு, கழுதைக்கு வசவு மட்டுந்தான். அப்படிப்பட்ட ஊருக்குள் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மன்னாரிலிருந்து ஒரு பெண்கழுதையை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கடற்கரையில் கருவாடு போடும் வாடிக் கொட்டில்களுக்கு உப்புச் சுமப்பதுதான் அதன் வேலை. அந்தப் புதைமணலில் மாட்டுவண்டிச் சில்லு அச்சுவரை இறங்கிவிடும். கழுதையோ இரண்டு பக்கமும் சாக்குத் தொங்க, கோயிலுக்குப் போகிறவர் போல நிதானமாகப் போய்வரும். எங்கள் தகப்பன், ஐயாவும் மாமாவும் அதைக்கொண்டே பிழைக்கத் தொடங்கினார்கள்.

மானம் போனது எனக்குத்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் யாரையாவது கழுதை என்று ஏசினால் வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்க்கும். கழுதை வீட்டுப் பெட்டை என்றுதான் எனக்குப் பெயர். உப்பு வேண்டாம், கருவாடு வேண்டாம், அந்தச் சனியன் எங்காவது செத்துத் தொலையட்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்திருக்கிறேன்.

இந்த நிலையில் அக்காவைப் பெண் பார்க்க நல்லூர்ப் பக்கமிருந்து வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு கிளைதான். ஆனால் கடலை விட்டுக் கந்தோர் உத்தியோகத்துக்குப் போய்க் காலில் சப்பாத்துப் போட்டவர்கள். மாப்பிள்ளை கிளாக்கர். ஏற்கனவே வந்த சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அக்கா வீட்டோடுதான் என்று அம்மா அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்தினார். அன்றைக்குக் கழுதை வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாதென்று ஐயா சொல்லிவிட்டார். மாமா காலையிலேயே அதைப் பனங்காணிக்குள் கொண்டுபோய்க் கட்டினார். இறுக்கிக் கட்டச் சொல்லி நானும் கூடவே போய் அவரை நச்சரித்தேன்.

வந்தவர்களின் கார் பாதி வழியில் மணலில் புதைந்துவிட்டது. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். அக்காவுக்குச் சீதனமாகக் கட்டியிருந்த கல்வீடு அவர்களுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மணலுக்குள்ளால் இவ்வளவு கல்லை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். கூலிக்கு ஆள் பிடித்துச் சுமப்பித்தோம் என்றார் ஐயா, கொஞ்சமும் தடுமாறாமல். கல்லும் சுண்ணாம்பும் ஒன்றுவிடாமல் அந்தக் கழுதையின் முதுகில் வந்தவை. ஐயா இவ்வளவு அழகாகப் பொய் சொல்வார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெருமையாகக்கூட இருந்தது.

பலகாரத் தட்டு வந்த நேரம், ஊர் அதிரக் கத்திக்கொண்டு கழுதையும் வந்தது. அதற்குப் புண்ணாக்குத் தண்ணீர் கிடைக்கும் மத்தியான வேளை அது. கயிற்றை அறுத்துக்கொண்டு, வழக்கமான வழியால் வீட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். கழுதை கத்தினால் நல்ல சகுனம் என்று பெரியப்பா சிரித்தார். பிறகு அது யாருடையது என்று ஐயாவைப் பார்த்துக் கேட்டார்.

“உது ஆற்றை கழுதை?”

“ஊர்க்கழுதை. ஒருத்தற்றையும் இல்லை,” என்றார் ஐயா.

ஊர்க்கழுதை நேரே முற்றத்தைக் கடந்து தன்னுடைய தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா வேலியில் பூவரசந்தடி ஒன்றை முறித்துக்கொண்டு போய் அடித்தார். வேறொருவர் வீட்டுக் கழுதையென்றால் ஓடியிருக்கும். இது அடி விழ விழ ஐயாவோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் இன்னும் பலமாக அடித்தார். ஓடித் தொலையேன் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன்.

பெரியப்பா மாமாவின் பக்கம் திரும்பினார். “தம்பிக்குத் தெரியுமோ உந்தக் கழுதையை?”

மாமா தடியையே பார்த்துக்கொண்டு நின்றார். “தெரியாது,” என்றார். பிறகு அவரே அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டு முன்னால் நடந்தார். தெரியாத கழுதை அவர் பின்னால் ஆட்டுக்குட்டி மாதிரிப் போயிற்று.

சம்பந்தம் பொருந்திவிட்டது. கார் போனதும் அம்மா ஐயாவின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஐயா மட்டும் கிணற்றடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அக்காவைக் காணவில்லை என்று தேடிப் போனேன். வேலிக்கு வெளியே, பட்டுச்சீலையோடு மணலில் நின்று, கழுதையின் முதுகில் தடித்திருந்த இடங்களுக்கெல்லாம் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். சீலை பழுதாய்ப் போய்விடும் என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். அக்கா வரவில்லை. அவளுடைய கன்னமெல்லாம் கண்ணீர்.

வெட்கத்தில் அழுகிறாள் என்று எனக்கு விளங்கியது. பாவம், கழுதை வந்து சபையில் மானத்தை வாங்கிவிட்டதே என்று அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் எண்ணெயைத் தொட்டுப் பூசினாள். அவள் அழுதது வெட்கத்தில்தான். யாரை நினைத்து வெட்கப்பட்டாள் என்பதுதான் எனக்கு அப்போது தெரியவில்லை.