ஆறவிடாத தரை

காகிதத்துக்கு ஈரம் ஆகாது என்று எங்கள் அச்சகத்தில் அண்ணனைவிடக் கத்திச் சொன்னவர் யாரும் கிடையாது. லாரியிலிருந்து இறங்கிய காகிதத்தை அன்றைக்கே மெஷினில் ஏற்றினால் ஆளைத் தொலைத்துவிடுவார். கட்டைப் பிரித்து மெஷின் ரூமிலேயே ஆறவிட்டு, அந்த அறையின் காற்றுக்கு அது பழகிய பிறகுதான் தொட வேண்டும். இல்லையென்றால் காகிதம் விரிந்து, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராது. காலண்டர் முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். காகிதக் கட்டுப் பக்கம் டீ கிளாஸோடு போனதற்காகக் கூடப்பிறந்த தம்பி என்றுகூடப் பார்க்காமல் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டியிருக்கிறார். அந்த மனுஷன்தான் அம்மா அறையின் தரையைப் பாழாக்கினார். இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நாரணாபுரம் ரோட்டில் அண்ணன் புது வீடு கட்டினார். அம்மா தீப்பெட்டி ஆபீசில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே முழங்காலைத் தேய்த்தவள். மதுரையில் ஆபரேஷன் முடிந்து, தினமும் தானாக நடந்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். புது வீட்டு டைல்ஸோ கண்ணாடி மாதிரி. அதில் கால் வைக்கவே அம்மாவுக்குப் பயம். அதனால் அவள் அறைக்கு மட்டும் லேமினேட் தரை என்று முடிவானது. பார்க்க மரம்போல இருக்கும், காலுக்கு இதம், டைல்ஸ் மாதிரி வழுக்காது. யார் துணையும் இல்லாமல் அவள் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போய்வர வேண்டும், அவ்வளவுதான். மருமகளைக் கூப்பிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒண்ணுக்குப் போவது அம்மாவுக்குச் சாவைவிடக் கேவலமாக இருந்தது.

ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஊர் ஊராக ஏஜெண்டுகள் வருவார்கள், அவர்களுக்கெல்லாம் வீட்டைக் காட்டிவிட வேண்டும் என்பது அண்ணனின் அவசரம். தரைக்குப் போட்ட சிமெண்டுப் பூச்சு காயவில்லை. கையை வைத்தால் குளிர்ந்தது. லேமினேட் பலகைகள் பெட்டி பெட்டியாகக் காலையில் வந்து இறங்கின. மத்தியானமே பிரித்துத் தரையில் போடச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, இதுவும் பேப்பர்தாண்ணே. மேல தெரியிற மரக்கோடெல்லாம் அச்சடிச்ச பேப்பரு, உள்ள மரத்தூளு. ரெண்டு நாளு ரூம்ல கெடக்கட்டும். சிமெண்டும் காயட்டும்" என்றேன்.

"ஏலே, அதான் மேல லேமினேஷன் பண்ணிருக்கான்லா. தண்ணி எங்கிட்டு எறங்கும்? நீ போய் மெஷினப் பாரு."

மேலே என்ன பூசினாலும், வெட்டிய ஓரத்தில் ஈரம் ஏறினால் அட்டை ஊதிவிடும். தினமும் அட்டை வெட்டுகிறவருக்கு இது தெரியாதா? தெரியும். சொந்த வீடு என்றதும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

பலகை விரிவதற்காகச் சுவரோரம் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு, அதை ஓரப்பட்டையால் மறைக்க வேண்டும். தரை போட வந்த ஆட்களுக்கு இது தெரியும். "சந்து விட்டா கரப்பான் குடியேறிரும், ஒட்டிப் போடுங்க" என்று அண்ணன் சொன்னதும் வாயைத் திறக்காமல் இறுக்கி அடித்துவிட்டுப் போனார்கள். கீழே ஈரத்தைத் தடுக்கிற பிளாஸ்டிக் தாளைக்கூட விரிக்கவில்லை. அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

பால் காய்ச்சிய அன்று பசுவை உள்ளே கூட்டி வந்தார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது போகட்டும், துடைத்துவிடலாம். பந்தி முடிந்ததும் சொந்தக்காரப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விளக்குமாற்றால் தள்ள ஆரம்பித்தார்கள். விசேஷம் முடிந்தால் வீட்டைக் கழுவிவிட வேண்டும் எங்களுக்கு. வெறும் துணியால் துடைத்தால் சோம்பேறி என்பார்கள். அம்மா அறை வாசலில் நான் கையை விரித்து மறித்தேன். அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு, வாளியை வாங்கி அவரே ஊற்றினார்.

"நல்ல நாளும் அதுவுமா என்னலே சத்தம்? பாரு, எப்பிடி மின்னுதுன்னு!"

வெம்பக்கோட்டைப் பக்கம் இருட்டிக்கொண்டு ஐப்பசி மழை பிடித்தது. பலகைகள் விரிந்தன. விரிந்து போக ஓரத்தில் இடமில்லாமல், நடு அறையில் ஒன்றோடொன்று முட்டி எழும்பின. அதை முதலில் கண்டுபிடித்தது அம்மாவின் கால்தான்.

"ஏய்யா, இங்கன காலுல ஏதோ மேடு தட்டுதே" என்றாள்.

அண்ணன் அந்த இடத்தை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். "இங்கன ஒண்ணுமில்லம்மா. சும்மா நடங்க."

அம்மா நம்பி நடந்தாள். மறுவாரம் அதே மேட்டில் கால் தட்டி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் ஆபரேஷன் செய்த கால் வீங்கி, பழையபடி கட்டிலும் மருமகளும் என்று ஆனது. அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? கம்பெனிக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டானாம்!

"காலண்டர ஆறவிடத் தெரியுதுல்லா? அம்மா நடக்குற தரைய ஆறவிட முடியலையா ஒங்களுக்கு?" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன். வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன்.

பங்குனி வெயிலில் நானே நின்று எல்லாவற்றையும் பெயர்த்தெடுக்கச் செய்தேன். வெறும் சிமெண்டில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டிவைத்து, மறுநாள் அதன் அடியில் ஒரு பொட்டு ஈரமும் வேர்க்கவில்லை என்று பார்த்த பிறகே புதுப் பெட்டிகளை அறைக்குள் கொண்டுவந்தேன். அவையும் கிடந்து பழகின. அடியில் தாள், சுவரோரம் இடைவெளி, மேலே ஓரப்பட்டை. இனிமேல் பிழிந்த துணிதான் என்று மதினியிடம் கறாராகச் சொன்னேன். வேலை முடிந்தபோது, கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நின்றது.

அம்மாவை எழுப்பி நிறுத்தினோம். நாலு எட்டு நன்றாகத்தான் வைத்தாள். மேடு இருந்த இடம் வந்ததும் நின்று, கால் விரலால் தரையைத் தடவினாள்.

"இங்கன ஒண்ணுமில்லம்மா. சும்மா நடங்க" என்றார் அண்ணன். இந்தத் தடவை அது உண்மை.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கும் இதத்தானய்யா சொன்ன" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க மதினியக் கூப்புடுலே" என்றாள்.