தலைவர் குடிக்காத தண்ணீர்

எங்கள் ஊர்த் தலைவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போதும்தான்.

கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர். மேலத்தெருக்காரர்கள் குளிக்கிற, துவைக்கிற, கழுவுகிற தண்ணீரெல்லாம் கீழே எங்கள் தெருவுக்குத்தான் ஓடி வரும். அதைச் சுத்தம் செய்ய ஜல்லி, மணல் கொட்டி, கல்வாழையும் நாணலும் நட்டு ஒரு பாத்தி கட்டினார்கள். எங்கே? எங்கள் கிணற்றை ஒட்டி. மேலத்தெருவில் இடமே இல்லையாம். அங்கே தலைவரின் காலி மனையில் கருவேலம்தான் வளர்ந்து நிற்கிறது.

பொய் சொல்லக் கூடாது, பாத்தி நன்றாகவே வேலை செய்தது. செடிகளின் வேருக்குள் புகுந்து வந்த தண்ணீரில் நாற்றமே இல்லை. அம்மா அதை ஊற்றி அவரைக்கொடி வளர்த்தாள்.

பிறகு யாரோ அதிகாரி பார்க்க வருவதாகச் சொன்னார்கள். உடனே தலைவர் நூறு நாள் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, புதரையெல்லாம் வெட்டி இடத்தைச் சுத்தமாக்கச் சொன்னார். அம்மாவும் அந்த வேலையில் இருந்தாள்.

“இந்தச் செடிதானய்யா தண்ணியச் சுத்தம் பண்ணுது” என்றிருக்கிறாள்.

“சொன்னதச் செய்யி.”

கல்வாழையை வேரோடு பிடுங்கி, ஜல்லியைக் கூட்டிப் பெருக்கி, பிளீச்சிங் பவுடர் தூவி, ஓரத்தில் கோலமும் போட்டார்கள். அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் பாத்தியில் கறுப்பாய்த் தண்ணீர் தேங்கி, எங்கள் கிணறு நாறியது. அம்மாவுக்குக் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. நான் பழங்காநத்தத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஊருக்கு வந்து, தலைவரிடம் போய்க் கேட்டேன்.

“உங்க தெரு ஆளுகதான பிடுங்குனாக?” என்றார் தலைவர்.

அன்றைக்கே மேலத்தெரு வாய்க்கால் வாயில் மணல் மூட்டைகளை அடுக்கினேன். அவர்கள் கழுவிய தண்ணீர் திரும்பிப் போய் அவர் வீட்டு வாசலிலேயே நின்றது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

“செடி எம்புட்டு வேணும்னாலும் இறக்கித் தாரேன். மூட்டைய எடுத்துரு தம்பி.”

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் தண்ணீர்தான் கொடுப்பாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரையே செம்பில் நீட்டினாள். இப்போதுதான் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். எங்கள் வாசலில் அவர் வீட்டு ஆட்கள் எப்போதும் சொல்கிற பதில் அது. இந்த முறை நாற்றமும் அவருக்குத் துணைக்கு இருந்தது.

“செடிய நடுங்க, கிணத்த இறைங்க. இந்தத் தண்ணிய நீங்க இங்க நின்னு குடிச்சப்பறம் எடுக்கேன்” என்றேன்.

செடி வந்துவிட்டது. வாய்க்கால் அடைத்துக் கிடப்பதால் அம்மாதான் அதற்குக் குடத்தில் மொண்டு ஊற்றுகிறாள். கிணற்றையும் இறைத்துவிட்டார்கள், தண்ணீர் தெளிந்துவிட்டது. அவர்தான் இன்னும் குடிக்க வரவில்லை. மூட்டைகள் அங்கேயே கிடக்கின்றன.