அம்மாவுக்கு வக்காலத்து

எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக் காற்று ஆகாது என்று அப்பா சொல்வார். காலையில் அதைப் பற்றவைக்கும் முன் தெருக்கதவைச் சாத்தித் தாழ் போடுவார். பிறகு ஜன்னலையும் சாத்துவார். சித்திரை வெயிலில் எங்கள் ஓட்டு வீடு காலையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகில் வியர்வை கோடு கோடாக இறங்க, அவர் வெங்காயம் நறுக்குவார். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் என்ன என்று கேட்டால், "வாணாம் பாப்பா, காத்துல அடுப்பு அணைஞ்சிடும்" என்பார்.

அந்த நேரத்தில் அம்மா சென்னைக்குப் போகும் பஸ்ஸில் இருப்பாள். பென்னலூரில் விடியும் முன்பே முதல் பஸ்ஸைப் பிடித்து, பாரிமுனையில் இறங்கி, சட்டக் கல்லூரிக்குப் போவாள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவள் சேர்ந்த படிப்பு அது. தபால் வழியில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளை, நீ வாதாடுகிற வாதத்தையெல்லாம் என் ஒருத்தனிடமே வீணாக்காதே என்று சொல்லி அப்பாதான் சேர்த்துவிட்டாராம். அம்மா இதைச் சொல்லும்போது அப்பா கூரையைப் பார்ப்பார். தொண்ணூற்று ஒன்று கடைசி வருடம். சித்திரையில் பரீட்சை. அதை முடித்துவிட்டால் கறுப்புக் கோட்டுதான்.

அப்பாவுக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஃபர்னஸ் பக்கம் வேலை. மற்றவர்கள் வாரா வாரம் ஷிப்ட் மாறும்போது இவர் மட்டும் கேட்டுக் கேட்டு எப்போதும் செகண்ட் ஷிப்ட் வாங்கிக்கொண்டார். காலையில் தனக்குத் தூக்கம் தெளிவதில்லை என்று சூப்பர்வைசரிடம் காரணம் சொல்லியிருந்தார். எங்கள் தெருவிலேயே முதலில் எழுந்திருக்கும் ஆள் அவர். அம்மாவுக்கு டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, சோறாக்கி, குழம்பு வைத்து, அம்மாவின் பருத்திப் புடவைகளை அலசிக் கஞ்சி போட்டு வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயவைத்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, மத்தியானம் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புவார். எனக்கு இரட்டைப் பின்னல் போட அம்மாவைவிட அவருக்குத்தான் நன்றாக வரும்.

வெளியில் சொல்லும் கதை வேறு. அம்மா கோழி கூவும் முன் எழுந்து எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள் என்று சொந்தக்காரர்களிடம் அப்பாவே பெருமையாகச் சொல்வார். அது பொய் என்று எனக்குத் தோன்றியதில்லை. வெளியே போகும்போது பெரியவர்கள் சட்டை போட்டுக்கொள்கிற மாதிரி அதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

படிப்பு வீட்டுக்குள் வந்ததில் எனக்கு லாபம் சொற்கள்தான். அம்மா சத்தமாகப் படிப்பாள், நான் பொறுக்கிக்கொள்வேன். ரிப்பன் கேட்டால் "வாய்தா" என்பாள். தள்ளி வைத்தாயிற்று என்று அர்த்தம். மூன்று முறை கூப்பிட்டும் சாப்பிட வராவிட்டால் என் தரப்பைக் கேட்காமலே தட்டு கழுவப்படும். வக்காலத்து என்பதையும் அவள்தான் விளக்கினாள். கோர்ட்டுக்கு வர முடியாதவர் கையெழுத்துப் போட்டு இன்னொருவரிடம் கொடுப்பார். அதன் பிறகு அவர் பேசுவது இவரே பேசுவது மாதிரி. எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. ஒருவர் வாயை இன்னொருவர் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, பிள்ளைப்பாக்கத்தில் இருந்தாள். அத்தைக்குத் தம்பி என்றால் உயிர். அதனாலேயே அம்மாவின் மேல் தீராத கோபம். கல்யாணமாகிக் குழந்தை பெற்றவள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போனால் தன் தம்பி வயிற்றுக்கு யார் பார்ப்பது என்பது அவளுடைய வழக்கு. அந்தச் சித்திரையில் அத்தை மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் பெண்டாட்டிதான் முதல் வளையல் போட வேண்டும். அதாவது அம்மா. முகூர்த்தம் முற்பகலில். அம்மாவின் பரீட்சையும் அதே முற்பகலில்.

நாளை மாற்ற முடியுமா என்று அப்பா போய்க் கேட்டுவிட்டு வந்தார். அத்தை, பரீட்சையை மாற்றச் சொல்லு என்றாளாம். இந்த ஒரு தடவை அவள் வராமல் போனால் படிப்பா குடும்பமா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பாவுக்கு அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

அன்று காலை அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, எழுதி முடித்ததும் ஓடி வந்துவிடுவதாக அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு என் கன்னத்தைத் தட்டி, "நான் வர்ற வரைக்கும் நீதான் எனக்கு வக்காலத்து" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

பிள்ளைப்பாக்கத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அப்பா சீர்த்தட்டை வைத்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் பஸ் லேட் என்று சொல்லிக்கொண்டு, வேலை இருக்கிற மாதிரி தண்ணீர் அண்டாவின் பக்கத்திலேயே நின்றார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வேறு யாரோ முதல் வளையலைப் போட்டார்கள். வளையல் போட்டு முடிந்து, பெண்கள் சந்தனத்தைக் கையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அத்தை தொடங்கினாள். என் தம்பி எலும்பும் தோலுமாகப் போய்விட்டான், அவன் வீட்டில் பூனை அடுப்பில்தான் தூங்குகிறது என்றெல்லாம் பொதுவாகச் சொன்னாள். அவளைப் பார்த்து, எங்கள் வீட்டில் பூனையே இல்லை என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

"இன்னாடி, உங்கம்மாவுக்கு வக்காலத்து வாங்கறியா?"

பரிந்துகொண்டு வருகிறாயா என்றுதான் கேட்டாள். ஊரில் எல்லோரும் அந்தச் சொல்லை அப்படித்தான் பயன்படுத்துவார்கள். அது எனக்குத் தெரியவில்லை. சட்டம் படிக்காத அத்தைக்கு எப்படி இது தெரிந்தது என்று வியந்தபடி எழுந்து நின்றேன்.

"ஆமா. காலைலதான் குடுத்துச்சு. நான் பேசறது அம்மா பேசற மாதிரி."

"அப்பிடியா வக்கீலம்மா. அப்போ சொல்லு. உங்கம்மா இருட்டுல பஸ் ஏறுது. உங்க வூட்ல சோறு யாரு ஆக்கறது?"

அப்பா சொல்லும் கதை எனக்கு மனப்பாடம். ஆனால் அம்மா ஆக்குகிறாள் என்று சொன்னால் அத்தை நம்பப்போவதில்லை என்று தெரிந்தது. அப்பா பட்டினி கிடக்கிறார் என்பதுதானே வழக்கு. அவர் பட்டினி இல்லை என்பதற்கு என்னிடம் அதைவிட நல்ல சாட்சியம் இருந்தது.

"அப்பாதான் ஆக்குது. அம்மாவைவிட நல்லா ஆக்கும்."

பந்தலில் சத்தம் குறைந்தது. எல்லோரும் கவனிக்கிறார்கள் என்று எனக்கு உற்சாகம் வந்தது. கருவாட்டுக் குழம்பில் அப்பா கத்திரிக்காய் போடும் பக்குவத்தைச் சொன்னேன். பின்னலைத் திருப்பிக் காட்டி, இதுவும் அப்பா போட்டதுதான் என்றேன். அம்மா புடவைக்குக் கஞ்சி போடுவதைச் சொன்னேன். அத்தை ஒன்றொன்றாகக் கேட்டாள். நான் ஒன்றொன்றாகச் சொன்னேன். அத்தை சட்டக் கல்லூரிக்குப் போயிருந்தால் அம்மாவைவிடப் பெரிய வக்கீலாகியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். பரீட்சை நேரத்தில் அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போனால் அப்பா அமுக்கிவிடுவார் என்று நான் சொன்னபோது பின்னால் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். சிரிப்பு பெண்களிடமிருந்து ஆண்கள் பக்கம் போயிற்று. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த அத்தை வீட்டுக்காரர், "இன்னா மச்சான், நம்ம சமையல்காரரை நிறுத்திட்டு உன்னையே கூப்ட்டு இருக்கலாமே" என்றார்.

அப்பாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பல் மட்டும் தெரிந்தது.

"கொழந்த ஏதோ ஒளறுதுக்கா. என்னிக்கோ ஒரு நாளு சுடுதண்ணி வெச்சேன், அதச் சொல்லுது."

பிறழ் சாட்சி என்றால் என்னவென்றும் அம்மா சொல்லியிருந்தாள். சொன்னதை மாற்றிச் சொல்லும் சாட்சி. அப்படி மாற்றினால் தடயத்தை எடுத்துக் காட்ட வேண்டும். எனக்கு அழுகை வந்தது. நான் பொய் சொல்கிறவளாகிவிட்டேன். அம்மா வரும்போது வழக்கு தோற்றிருக்கும். ஓடிப்போய் அப்பாவின் இடது கையைப் பிடித்து, முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்றி மேலே தள்ளினேன். மணிக்கட்டுக்கு மேலே, போன வாரம் சோற்றுக் கஞ்சி வடிக்கும்போது மூடி நழுவிச் சுட்ட காயம் இருந்தது. கம்பெனியில் ஃபர்னஸ் சுட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த காயம். அப்பா கையை இழுக்கவில்லை. இழுத்திருக்கலாம்.

பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேர் கையில், அதே இடத்தில், அதே தழும்பு இருந்தது.

அத்தை எழுந்து வந்து அந்தக் கையை வாங்கிப் பார்த்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"தம்பி, இது கஞ்சி சுட்டதுடா" என்றாள்.

அம்மா வந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். விரலில் மை இருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. படிப்பா குடும்பமா என்றும் கேட்கவில்லை. அத்தை மரியாதையாக, உட்காரும்மா என்று இலை போடச் சொன்னாள். அவள் என் அம்மாவிடம் அதற்கு முன் 'அம்மா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அப்பா சட்டைக் கைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அது மாட்டிக்கொள்ளாமல் நழுவிக்கொண்டே இருந்தது. பரீட்சை நன்றாக எழுதினீர்களா என்று அத்தை மகள் ஒருத்திதான், கை நிறைய வளையலோடு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். என்ன நடந்தது என்று அம்மா கேட்டாள். ஒன்றும் இல்லையே என்றார் அப்பா. நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. எதற்கென்று தெரியவில்லை. சரியாகப் பேசாததால் தோற்றுவிட்டேன், இன்னும் சத்தமாகப் பேசியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு மாறிக்கொண்டார். சூப்பர்வைசரிடம் இப்போது தூக்கம் தெளிகிறது என்று சொல்லியிருப்பார். மீதியிருந்த பேப்பர்களை அம்மா எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம், வாய்தாதானே என்றாள். அந்த வாய்தா மறுபடி கூப்பிடப்படவே இல்லை. அந்த வைகாசியில், பக்கத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து எங்கள் ஊர்ப் பக்கத்தின் பெயரை உலகமே சொன்னது, தெருவெல்லாம் போலீஸ். எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் அப்போதும் அப்பாவின் கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. அதற்கு யாரும் காரணமில்லை. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஓசூர், திருப்பூர், கேரளத்தில் மீன் கம்பெனி என்று போன இடத்தில் வேலை செய்தேன், கிடைத்த இடத்தில் சாப்பிட்டேன். பெரும்பாலும் ஆண்கள் சமைத்த சாப்பாடு. தெருவைப் பார்த்தபடி, மேல் சட்டைகூட இல்லாமல், பரோட்டா மாவை வீசி அடிப்பார்கள். அவர்களைப் பார்த்து ஒருவரும் சிரித்து நான் பார்க்கவில்லை. கையில் சுட்ட தழும்போடு பரிமாறுகிறவரைக் கண்டால் மட்டும் நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

வளைகாப்புக்குப் பிறகு வந்த முதல் பரீட்சை நாளை நினைத்துக்கொள்கிறேன். அப்பா அப்போது இன்னும் ஷிப்ட் மாறவில்லை. பெரிய ரோட்டில் முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டு, போய், அடங்கிவிட்டது. விடிந்த பிறகு அம்மா ஸ்டவ்வின் முன்னால் உட்கார்ந்து குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். தெருக்கதவு அகலத் திறந்திருந்தது. ஜன்னலும் திறந்திருந்தது. அப்பா வாசற்படியில், தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்று நன்றாக அடித்தது. சுவரில் காலண்டர் படபடத்தது. ஸ்டவ்வின் நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, எரிந்துகொண்டே இருந்தது.

எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. வாசலுக்குப் போய் அப்பாவின் தோளைத் தொட்டேன்.

"அப்பா, இவ்ளோ காத்து அடிக்குது. அடுப்பு அணையவே இல்லியே?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உள்ளே அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. பதில் வரும் என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.