மாமா எடுத்த மீன் ஏலம்

கடற்கரைக்கு டூர் கிளம்பி, கால்கூட நனைக்காமல் திரும்பிய கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

அம்மா கடலில் கால் வைத்ததே இல்லை. நாகப்பட்டினம் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வேளாங்கண்ணிக் கடலில் இறங்கலாம் என்று அவளுக்காகத்தான் திண்டுக்கல்லிலிருந்து வேன் பிடித்தோம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் அவள் அண்ணனும் தொற்றிக்கொண்டார். விடிகாலையில் மீன் ஏலச் சத்தம் கேட்டதும் மனுஷனுக்குச் சாமி வந்துவிட்டது. யாரும் சீண்டாத ஒரு கூடை மத்தியைத் தானே விலையை ஏற்றி ஏற்றிக் கேட்டு எடுத்தார்.

"இம்புட்டையும் யாரு மாமா திங்கிறது?"

"மண்டிக்காரன் ஏலத்துல பின்வாங்கலாமா மாப்ள?"

"சரி, ஐஸாவது போடுங்க. பீச்சுக்குப் போகணும்ல?"

"ஐஸ் போட்டா கட்டுபடியாகாது. கடல் எங்கயும் ஓடிராது, மீனு நாறிரும். வண்டியத் திருப்பச் சொல்லு."

பெரிய வியாபாரி! அம்மா இப்போது குழாயடியில் உட்கார்ந்து மத்திக்குச் செதில் உரசிக்கொண்டிருக்கிறாள்.