தலைவர் உரை இல்லாத கச்சேரியா?

எங்கள் லூனாஸ் ஊரின் வரலாற்றிலேயே காணாத சந்தேகம் இன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

காடி ஓட்டிக்கொண்டே மகள் ஓர் அமெரிக்கப் பாடகியின் கச்சேரி ஆல்பத்தைப் போட்டாள். கறுப்பின மக்களின் பாரம்பரிய இசைக்கு விழா எடுத்தாராம். ஊதலும் முரசும் கிளம்பியதில் கூலிம் வரை ரப்பர் மரங்கள் ஆடின.

“இது மேடையில நேரடியா பாடினதா? நம்ப மாட்டேன் லா.”

“ஏன்ப்பா?”

“கூட்டம் கத்துது, சரி. வரவேற்புரை எங்கே? பொன்னாடை எங்கே? ‘வழியை மறிச்சு நிக்கிற வெள்ளைக் காடியை எடுங்க’ன்னு ஓர் அறிவிப்புகூட இல்லையே!”

“அதனாலதான் நல்லா இருக்கு. சனிக்கிழமை நம்ம உறுமி விழாவிலயும் நீங்க பேசுற தலைவர் உரையை எடுத்துடலாமாப்பா?”

சதி அப்போதுதான் புரிந்தது. மாமன்னர்களே எழுந்து நின்று கேட்க வேண்டிய உரை அது!

ஆல்பத்தை முழுதாகக் கேட்டவர்கள் உடனே சொல்லுங்கள்: தலைவர் எந்தப் பாட்டுக்குப் பிறகு பேசுகிறார்?